புதுப்பிப்பு: இடது கையைத் திருப்பியும் ஸ்லைஸ் போகவில்லையா?

கோல்ஃபில் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து ஓடினால் (இதுதான் ஸ்லைஸ்), மேலிருந்து பார்க்கும்போது இரண்டு, இரண்டரை விரல் முட்டிகள் தெரியும் அளவுக்கு இடது கையை வலப்பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொல்லியிருந்தேன் (வலது கை ஆட்டக்காரர்களுக்கு). முட்டி தெரிகிறது, ஆனால் ஸ்லைஸ் அப்படியே இருக்கிறது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள்.

பெரும்பாலும் கையோடு கிளப்பும் (பந்தடிக்கும் மட்டை) சேர்ந்து திரும்பிவிடுகிறது. கிளப்பின் முகம் (பந்தில் படும் பரப்பு) வலப்பக்கம் திறந்துகொள்ளும்; பிடி உண்மையில் மாறவே இல்லை. முதலில் கிளப் முகத்தை இலக்குக்கு நேராகத் தரையில் வையுங்கள். வலது கையால் ஷாஃப்டை (கிளப்பின் தண்டை) அசையாமல் பிடித்துக்கொண்டு, இடது கையை மட்டும் திருப்பிப் பொருத்துங்கள்.

அடுத்தது, இதை நான் முன்பே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்: க்ரிப் (கிளப்பின் கைப்பிடி) இடது உள்ளங்கையின் குறுக்கே ஓடக்கூடாது. ஆள்காட்டி விரலின் நடு மூட்டிலிருந்து சுண்டுவிரலின் அடிவரை சாய்வாகக் கிடக்க வேண்டும். உள்ளங்கையின் அடிமேடு அதன் மேல் உட்காரும். சோதிக்க, மற்ற விரல்களை எடுத்துவிட்டு, கொக்கிபோல் மடக்கிய ஆள்காட்டி விரலாலும் அந்த மேட்டாலும் மட்டும் கிளப்பைத் தூக்குங்கள். நழுவினால் பிடி உள்ளங்கைக்குள் போய்விட்டது. கையுறையில் அந்த மேட்டுப் பகுதி மட்டும் சீக்கிரம் தேய்ந்து ஓட்டையாவதும் இதே கோளாறின் அடையாளம்.

வலது உள்ளங்கையின் பள்ளம் இடது கட்டைவிரலை மூடினால் போதும். வலது சுண்டுவிரலை இடது ஆள்காட்டி விரலின் மேலே வைப்பதா, அதோடு கோப்பதா என்பது உங்கள் வசதி.