மட்டைப்பெட்டி விளையாட்டு மெசினுக்குச் சுவிச் செய்யிறது எப்பிடி?

முத்தையன்கட்டு:
ஒட்டுசுட்டான் பக்கம் எங்கட சனசமூக நிலையத்துக்குப் பின்னேரத்தில பதினொண்டு, பன்ரெண்டு வயசுப் பிள்ளையள் வருவினம். ரிவி, பிரிஜ் வந்த மட்டைப்பெட்டியளை வெட்டி, நகரத்துக் கடையளில காசு போட்டு விளையாடுற மெசின் மாதிரி செய்யிறம். சரிவான தட்டில போளை உருண்டு ஓட்டைக்குள்ள விழ வேணும். விழுந்தா லைற் எரிஞ்சு பஸர் அடிக்க வேணும். ஓட்டைக்குக் கீழ ரெண்டு அலுமினியத் தாள் துண்டு ஒட்டி வயர் குடுத்திருக்கு. போளை விழுகுது, பஸர் அடிக்குதில்லை. ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்ட் (புறோகிராம் எழுதி ஓட்டுற சின்னக் கணினிப் பலகை) இருக்கு. ஓட்டைக்கொரு சென்சர் வாங்கக் காசில்லை. ஆராவது வழி சொல்லுங்கோ.

கனகராயன்:
தம்பி, சென்சர் தேவையில்லை. போளை கண்ணாடி, அதுக்குள்ளால கரண்ட் போகாது. அதின்ர பாரத்தை வேலை செய்ய விடுங்கோ. ஓட்டைக்குக் கீழ மட்டையில ஒரு நாக்கு வெட்டுங்கோ. நாக்கின்ர அடியில ஒரு தாள், அதுக்கு நேர் கீழ இன்னொரு தாள், நடுவில மெல்லிய இடைவெளி. போளை விழ நாக்கு அமர்ந்து ரெண்டும் முட்டும். நாக்கைச் சரிவாய் வையுங்கோ, போளை உருண்டு போயிடும். இல்லாட்டி பஸர் நிப்பாட்டாமல் கத்தும்.

முட்டுற முகத்தில பசை படக்கூடாது, பசை காய்ஞ்சா கரண்டை மறிக்கும். அலுமினியத்தில சாதாரண ஈயம் ஒட்டாது. வயர் நுனியைச் சீவி விரிச்சு, தாளை மேல மடிச்சு, ஸ்ரேப்ளரால ஒரு அடி. சின்னப் பிள்ளையளே செய்யலாம், கை சுடாது.

முதல் பெட்டியை போர்ட் இல்லாமல் செய்யுங்கோ. 1.5 வோல்ட் பற்றரி ரெண்டு, சிவப்பு எல்ஈடி ஒண்டு, 100 ஓம் தடையி ஒண்டு. சிவப்புக்குக் கிட்டத்தட்ட 2 வோல்ட் போதும். வெள்ளைக்கு 3 வோல்ட் அளவில வேணும், பற்றரி இறங்க மங்கிப்போகும்.

இன்னொண்டு, இதை நான் அழுத்திச் சொல்லுறன்: வயர் பூட்ட முதல் விளையாட்டைச் சரிப்படுத்துங்கோ. தம்பி தங்கச்சிமாரைக் கூப்பிட்டு வெறும் மட்டையில விளையாட விடுங்கோ. ஒருக்கா விளையாடின பிள்ளை திரும்ப வரிசையில நிக்குதா எண்டு பாருங்கோ. நிக்காட்டி சரிவை மாத்துங்கோ, ஓட்டையை இடம் மாத்துங்கோ. எங்க மாத்திறதெண்டு பிள்ளையளே சொல்லட்டும். வடிவமைப்பெண்ட படிப்பு அதுதான். லைற் அதுக்குப் பிறகு.

பாலைப்பழம்:
மாரிக்கு முதல் முடிச்சிடுங்கோ, ஈரக்காத்துக்கு மட்டை தொய்ஞ்சு போகும். நிலத்தில வைக்காதேங்கோ, ஒரு இரவில கறையான் ஏறீடும். மட்டையைப் பிரிச்சா உள்ளுக்கு அலையலையாத் தெரியுமெல்லே, கால் வெட்டேக்க அந்தக் குழாய்கள் நிமிர்ந்து நிக்கிற மாதிரி வெட்டச் சொல்லுங்கோ. படுக்கையா வெட்டினா நசியும்.

முத்தையன்கட்டு:
நாக்குச் சுவிச் வேலை செய்யுது அண்ணை! பிள்ளையள் துள்ளுதுகள். இப்ப புள்ளி எண்ண போர்ட்டைப் பூட்டினம். ஒரு போளை விழ நாலஞ்சு புள்ளி ஏறுது.

கனகராயன்:
தாள் ஒருக்காத்தான் முட்டினமாதிரித் தெரியும். உண்மையில சில மில்லிசெக்கனுக்குள்ள பலதரம் துள்ளும், போர்ட் எல்லாத்தையும் எண்ணும். ஒரு புள்ளி எண்ணினாப் பிறகு 50 மில்லிசெக்கன் பொறுக்கச் சொல்லி எழுதுங்கோ. போளை உருண்டு போக நேரம் எடுத்தா 200 ஆக்கலாம். எல்லா நாக்கிலயும் ஒரு பக்க வயரைச் சேர்த்து கிரவுண்டுக்கு, மற்றப் பக்கம் போர்ட்டில தனித்தனிப் பின்னுக்கு (வயர் செருகிற ஓட்டைக்கு). புறோகிராமில உள்புல்அப்பை, அதாவது போர்ட்டுக்குள்ளயே இருக்கிற தடையியை, போட்டா வெளியில தடையி தேவையில்லை.

பெரிய பெடியளுக்கு ஒண்டு. பழைய சைக்கிள் டைனமோ கிடைச்சா எறியாதேங்கோ. யுத்தத்தில பற்றரி வரவிடாமல் தடுத்த 90களில சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டிப் பெடல் சுத்தி றேடியோ கேட்ட ஊர் எங்கட ஊர். ரெண்டு சைக்கிள், ரெண்டு டைனமோ, ரெண்டு 6 வோல்ட் பல்ப், மட்டையில ஒரு கோபுரம். ஆர்ர பல்ப் கன நேரம் பிரகாசமா எரியுதோ அவை வெற்றி. டைனமோவில வாறது ஆடலோட்டம் (ஏசி கரண்ட்), பல்புக்கு அது பிரச்சினையில்லை. போர்ட்டுக்கு மட்டும் நேராய்க் குடுக்காதேங்கோ, வேகமாச் சுத்த வோல்ட் 6ஐத் தாண்டி ஏறும்.