தினமும் தூக்கிட்டுப் போக 14 இன்ச் ஸ்லிம் லேப்டாப்: ரீஃபர்பிஷ்டு பிசினஸ் மாடலில் எதை எடுக்கலாம், கடையில் என்ன பார்க்கணும்?

கேள்வி: கணக்கு_கோவை

வணக்கம். வேலை டேலி பிரைம், எக்செல், ஜிஎஸ்டி போர்ட்டல், வாரத்துக்கு மூணு நாலு ஜூம் கால். க்ளையன்ட் ஆபீஸ்களுக்குத் தினமும் பஸ்ஸில் தூக்கிட்டுப் போகணும், அதனால் ஒன்றரை கிலோவுக்கு மேல வேண்டாம். டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கிற, பென்டிரைவ் மாதிரியான சாதனம்) செருக சாதா யூஎஸ்பி கண்டிப்பா வேணும். கேம், வீடியோ எடிட்டிங் எதுவும் இல்லை. பட்ஜெட் 30 ஆயிரம்.

கடையில் மூணு மெஷின் எடுத்து வெச்சிருக்காங்க: லெனோவோ திங்க்பேட் டி480எஸ், திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 6வது தலைமுறை, டெல் லாட்டிட்யூட் 7490. மூணும் ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்க விடுவாங்க. அந்த நேரத்தில் எதை எல்லாம் சோதிக்கணும்?

பதில்: இரும்புப்பெட்டி

மூணும் 2018 மாடல். உங்க வேலைக்கு அந்தக் காலத்து நாலு கோர் ப்ராசஸர் தாராளம். ஆனா வெறும் 'ஐ5'ங்கிற பேச்சை நம்பாதீங்க, முழு எண்ணைப் பாருங்க. 8250யூ, 8350யூ மாதிரி 8-ல் ஆரம்பிக்கணும். டி470எஸ் பார்க்க டி480எஸ் மாதிரியேதான் இருக்கும், உள்ளே இருப்பது பழைய தலைமுறை. விண்டோஸ் 11 அதை முறைப்படி ஏத்துக்காது. விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. க்ளையன்ட்டோட ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் டிஎஸ்சியும் புழங்குற மெஷினை அப்டேட் வராம ஓட்டக்கூடாது.

அடுத்தது ரேம். இங்கேதான் மூணும் பிரியுது. எக்ஸ்1 கார்பனில் ரேம் மொத்தமும் போர்டிலேயே பத்தவெச்சது. 8 ஜிபி வாங்கினா கடைசி வரைக்கும் 8 ஜிபிதான். டி480எஸ்ஸில் கொஞ்சம் போர்டில் இருக்கும், கூடவே ஒரு ஸ்லாட் இருக்கும். லாட்டிட்யூடில் ரெண்டு ஸ்லாட். டேலியும் எக்செலும் 8 ஜிபியில் ஓடும். குரோமில் பதினைஞ்சு டேபோட ஜூமும் திறந்தா மெஷின் திணறும். அதனால் பின்னால் ஏத்த முடியாத 8 ஜிபி எக்ஸ்1-ஐ நான் முதல்லயே ஒதுக்கிடுவேன். 16 ஜிபி கிடைச்சா அது வேற பேச்சு.

எடை: எக்ஸ்1 1.13 கிலோ, டி480எஸ் 1.32, லாட்டிட்யூட் 1.40. முதல் ரெண்டுக்கும் நடுவில் ஒரு டம்ளர் தண்ணி அளவுதான் வித்தியாசம். சார்ஜரும் வயருமே கால் கிலோவுக்கு மேல வரும். எந்த மெஷினோட பேட்டரியை நம்பி சார்ஜரை வீட்டில் விட்டுட்டுப் போக முடியுமோ, அதுதான் நிஜத்தில் லேசான மெஷின்.

பதில்: பூட்டுசாவி

கடையில் உட்கார்ந்ததும் விண்டோஸுக்குள் போகாதீங்க, முதல்ல பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னால் வர்ற மெஷினோட அடிப்படை செட்டிங்ஸ் திரை) போங்க. திங்க்பேடில் ஆன் பண்ணியதும் எஃப்1, டெல்லில் எஃப்2. சூப்பர்வைசர் அல்லது அட்மின் பாஸ்வேர்ட் கேட்டா அங்கேயே எழுந்துடுங்க. பெரிய கம்பெனிகள் கழிச்சுவிட்ட மெஷின்கள் இவை, பாஸ்வேர்டை எடுக்காமலே சந்தைக்கு வந்துடும். திங்க்பேடில் அந்தப் பாஸ்வேர்ட் மறந்தா லெனோவோ காட்டும் வழி போர்டை மாத்துறதுதான். பேட்டரியைக் கழட்டி வெச்சா போய்டும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அங்கேயே செக்யூரிட்டி பகுதியில் ரெண்டு பாருங்க. டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்பு சிப்) ஆன் ஆகியிருக்கணும். அப்சல்யூட் அல்லது கம்ப்யூட்ரேஸ்னு ஒண்ணு இருக்கும் (தொலைஞ்ச மெஷினைத் தேடிப் பூட்டுற வசதி), அது 'ஆக்டிவேட்டட்'னு இருக்கக்கூடாது. அப்புறம் விண்டோஸை நெட்டோட இணைச்சு முதல்லேர்ந்து செட்டப் பண்ணச் சொல்லுங்க. ஏதோ ஒரு கம்பெனி பெயரைக் காட்டி ஆபீஸ் மெயில் ஐடி கேட்டா, அந்த மெஷின் பழைய கம்பெனியின் ஆட்டோபைலட் பட்டியலில் (கம்பெனி தன் மெஷின்களை நெட் வழியா நிர்வகிக்கப் பதிவு பண்ற இடம்) இன்னும் இருக்கு. அதை நீக்க அந்தக் கம்பெனியால்தான் முடியும். கடைக்காரர் நெட் இல்லாம செட்டப் பண்ணி வெச்சிருந்தா இது தெரியவே தெரியாது.

பேட்டரிக்கு கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ஆங்கிலத்தில் பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, சாய்கோடு, ஒட்டினாப்புல பேட்டரிரிப்போர்ட்னு அடிச்சு என்டர் தட்டுங்க. ஃபைல் எங்கே சேவ் ஆச்சுன்னு காட்டும். அதைத் திறந்து டிசைன் கெபாசிட்டி (புதுசில் இருந்த கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போ ஏறும் அளவு), சைக்கிள் கவுன்ட் (எத்தனை முழு சார்ஜ் ஓடியிருக்கு) மூணையும் குறிச்சு இங்கே போடுங்க.

மெஷினை மூடி, கண்ணாடி மேஜையில் வெச்சு நாலு மூலையையும் விரலால் அழுத்துங்க. ஆடினாலோ, டச்பேட் ஒரு பக்கம் தூக்கி க்ளிக் இறுகியிருந்தாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். அதை விலை குறைச்சுக் கொடுத்தாலும் எடுக்காதீங்க.

பதில்: மதுரை_போர்டு

ரேம் விஷயத்தில் இரும்புப்பெட்டி சொன்னது சரி. சார்ஜிங் போர்ட்டை யாரும் தொடலை, அதைச் சொல்லணும்.

ரெண்டு திங்க்பேடுக்கும் சார்ஜ் யூஎஸ்பி-சி வழியா மட்டும்தான். 2017-லிருந்து 2019 வரை வந்த பல திங்க்பேட்களில் தண்டர்போல்ட் (சி-போர்ட் வழியா வர்ற வேகமான இணைப்பு) கன்ட்ரோலரின் ஃபர்ம்வேரில், அதாவது அந்தச் சிப்பை இயக்கும் நிரலில், ஒரு குறை இருந்தது. அது தன் ஃப்ளாஷ் சிப்பில் எழுதிக்கிட்டே இருக்கும். சிப் நிறைஞ்சதும் போர்ட் வேலை செய்யாது. சில மெஷினில் சார்ஜும் ஏறாது. லெனோவோவே அவசர அப்டேட்னு வெளியிட்ட விஷயம் இது. கெட்டுப்போன பிறகு அப்டேட் போட்டுப் புண்ணியம் இல்லை, சிப்பைக் கழட்டித் திரும்ப எழுதணும் இல்லாட்டி போர்டை மாத்தணும். அதனால் கடையில் ரெண்டு சி-போர்ட்டிலும் மாத்தி மாத்தி சார்ஜர் செருகுங்க, ரெண்டிலும் ஏறணும். டிவைஸ் மேனேஜரில் தண்டர்போல்ட் கன்ட்ரோலர் இருக்கா பாருங்க. வாங்கின அன்னைக்கே லெனோவோ வான்டேஜ் (லெனோவோவோட சொந்த ஆப்) வழியா அந்த ஃபர்ம்வேரை ஏத்திடுங்க.

சி-போர்ட்டில் கேபிளை செருகி மேலும் கீழும் லேசா அசைச்சுப் பாருங்க. சார்ஜ் விளக்கு விட்டுவிட்டு எரிஞ்சா போர்ட்டின் சால்டர் விட்டிருக்கு.

லாட்டிட்யூடில் உருண்டைப் பின் சார்ஜிங், யூஎஸ்பி-சி ரெண்டும் இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு கை கொடுக்கும். 80 கிராம் கூடுதலா இருந்தாலும், தினமும் நாலு இடத்தில் செருகிப் பிடுங்குற ஆளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: உருண்டைப் பின்னில் டூப்ளிகேட் அடாப்டர் போட்டா டெல் அதை அடையாளம் தெரியலைன்னு சொல்லி பேட்டரியை ஏத்தாது, ப்ராசஸர் வேகத்தையும் இறக்கிடும். 'மெஷின் ஸ்லோ'ன்னு வர்ற புகாரில் நிறைய இதுதான். ஒரிஜினல் அடாப்டர் கேட்டு வாங்குங்க.

கேள்வி கேட்டவர்: கணக்கு_கோவை

பார்த்துட்டு வந்தேன். எக்ஸ்1-ஐ விட்டாச்சு. மத்த ரெண்டிலும் பயாஸ் பாஸ்வேர்ட் இல்லை, கம்பெனி பெயரும் வரலை.

டி480எஸ்: டிசைன் 57,020 மில்லிவாட்-ஹவர் (57 வாட்-ஹவர்), ஃபுல் 43,900, சைக்கிள் 386. டாஸ்க் மேனேஜரில் ரேம் ஸ்லாட் ரெண்டில் ஒண்ணுதான் பயன்பாட்டில்னு காட்டுது. ரெண்டு போர்ட்டிலும் சார்ஜ் ஏறுது.

லாட்டிட்யூட்: டிசைன் 60,000, ஃபுல் 60,000. சைக்கிள் இடத்தில் எதுவும் இல்லை. புது பேட்டரி போட்டிருக்கோம்னு சொல்றாங்க. அப்போ இதுதானே நல்லது?

பதில்: பூட்டுசாவி

ரெண்டு எண்ணும் கடைசி இலக்கம் வரை ஒண்ணா இருந்தா நான் சந்தேகப்படுவேன். ஒரிஜினல் புது பேட்டரியிலேயே ஃபுல் சார்ஜ் அளவு டிசைனைவிடக் கொஞ்சம் கூடவோ குறையவோதான் இருக்கும். வேற கம்பெனி பண்ணின காம்பேட்டிபிள் பேட்டரியின் சிப், உள்ளே என்ன செல் இருந்தாலும் எழுதிவெச்ச எண்ணையே சொல்லும். ஓட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 100 சதவீதத்தில் சார்ஜரைப் பிடுங்கி, வெளிச்சத்தைப் பாதியில் வெச்சு, யூடியூப் வீடியோவை 20 நிமிஷம் ஓட விடுங்க. சராசரியா 10 வாட் இழுக்கும்னு வெச்சுக்கிட்டா 3.3 வாட்-ஹவர் போகும், 60 வாட்-ஹவர் பேட்டரியில் அது அஞ்சாறு சதவீதம். பன்னிரண்டு, பதினைஞ்சு இறங்கினா உள்ளே இருப்பது பாதி பேட்டரிதான்.

டி480எஸ் பேட்டரி 77 சதவீதம். 386 சைக்கிளுக்கு அது நியாயமான தேய்மானம், மறைக்காம சொல்ற எண். எக்செல், டேலி வேலையில் 7 வாட் இழுத்தா ஆறு மணி நேரம் வரும். ஜூமில் 13 வாட் வரை போகும், அப்போ மூணு மணி நேரம் சொச்சம். வாங்கினதும் வான்டேஜில் சார்ஜ் உச்சவரம்பை 80-ல் நிறுத்தி வைங்க, வெளியே நாள் முழுக்க வேலை இருக்கிற அன்னைக்கு மட்டும் 100 ஏத்துங்க.

பதில்: இரும்புப்பெட்டி

ஸ்லாட் காலியா இருந்தா 8 ஜிபியும் போர்டிலேயே இருக்குன்னு அர்த்தம். டிடிஆர்4 2400 சோடிம் (லேப்டாப் ரேம் வகை) 8 ஜிபி ஒண்ணு போட்டா 16, அதுவும் டூயல் சேனலில், அதாவது ரெண்டும் சேர்ந்து வேலை செய்யும். போடும் முறையில் ஒரு படியை விடக்கூடாது: பேட்டரி உள்ளேயே இருக்கிற மெஷின் என்பதால், எஃப்1 அழுத்தி பயாஸில் கான்ஃபிக், பவர் போய் 'டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி' கொடுங்க. மெஷின் தானா அணையும். அப்புறம் அடிமூடி ஸ்க்ரூவைத் தளர்த்துங்க. அவை மூடியோடவே நிக்கும், முழுசா வெளியே வராது, இழுக்காதீங்க. ரேமைச் சாய்வா உள்ளே தள்ளி, பொன்நிறக் காலெல்லாம் மறைஞ்ச பிறகு கீழே அமுக்கினா ரெண்டு பக்கக் கொக்கியும் க்ளிக்னு பிடிக்கும். முதல் தடவை ஆன் பண்ணும்போது திரை ஒரு நிமிஷம் வரை கறுப்பா இருக்கலாம். ரேமை அது கணிச்சுக்கிட்டிருக்கு, பவரை அமுக்கிப் பிடிச்சு அணைச்சிடாதீங்க.

சூட்டையும் பார்த்துடுங்க. சினிபெஞ்சை (ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் சோதனை மென்பொருள்) பத்து நிமிஷம் ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் வேகத்தைப் பாருங்க. முதல் அரை நிமிஷம் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போய், அப்புறம் ரெண்டேகால், ரெண்டரையில் நின்னா ஆரோக்கியம். 1.6-க்கும் கீழே விழுந்தா ஹீட்சிங்க் பேஸ்ட் காய்ஞ்சிருக்கு அல்லது ஃபேனில் தூசி அடைஞ்சிருக்கு. பேஸ்ட் மாத்தித் தரச் சொல்லி வாங்கலாம், பெரிய செலவில்லை.

பதில்: தட்டச்சு_திருச்சி

திரை பத்தி ஒரு வார்த்தை. டி480எஸ்ஸின் 1920×1080 திரையோட வெளிச்சம் 250 நிட்ஸ்தான், அது குறைவு. ஜன்னலோரம் உட்கார்ந்தா எக்செல் கோடுகள் மங்கும். கடையில் மெஷினை வாசலுக்கு எடுத்துப்போய் பகல் வெளிச்சத்தில் ஒரு ஷீட்டைத் திறந்து பாருங்க. கடை ட்யூப்லைட்டில் எல்லாத் திரையும் நல்லாத்தான் தெரியும்.

டேலிக்காரங்களுக்கு இன்னொண்ணு. திங்க்பேடில் இடது மூலையில் கன்ட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என் கீ இருக்கும். கன்ட்ரோல்+ஏ அடிச்சே வவுச்சரை ஏத்திப் பழகின கைக்கு இது நாள் முழுக்க இடிக்கும். பயாஸில் கான்ஃபிக், கீபோர்ட்/மவுஸ் போய் எஃப்என்-கன்ட்ரோல் இடமாற்றத்தை ஆன் பண்ணிடுங்க. எஃப்5 பேமென்ட், எஃப்8 சேல்ஸ் எல்லாம் அழுத்தும்போது வெளிச்சமும் மைக்கும் மாறினா எஃப்என்னோட எஸ்கேப்பைச் சேர்த்து ஒரு தடவை தட்டுங்க, எஃப் வரிசை பூட்டிக்கும். டெல்லிலும் இதே கீதான். 14 இன்ச்சில் நம்பர் பேட் கிடையாது, தனியா ஒரு யூஎஸ்பி நம்பர் பேட் வாங்கிக்கோங்க. டி480எஸ்ஸில் சாதா யூஎஸ்பி ரெண்டுதான்: ஒண்ணில் டோக்கன், இன்னொண்ணில் நம்பர் பேட் போட்டா மவுஸுக்கு இடம் இல்லை, அதனால் மவுஸ் ப்ளூடூத்தா இருக்கட்டும்.