அம்மாவோட மாத்திரை ஆப் அடிக்க மாட்டேங்குது, அவசரம்

தாமிரபரணிக்காரன்: அம்மா ஊர்ல தனியா இருக்காங்க, நான் சென்னைல. அவங்க போன்ல மாத்திரை நேரத்துக்கு மணி அடிச்சு ஞாபகப்படுத்துற ஆப் போட்டுக் கொடுத்தேன். திங்கள், செவ்வாய் அடிச்சது. புதன்ல இருந்து சத்தமே இல்ல. என்ன பண்றது?

வயர்மேன்: எந்த போன்? எந்த ஆப்? ஆண்ட்ராய்டு எத்தனை?

பழைய புலி: தேடிப் பார்த்துட்டு இழை போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது. பேட்டரி சேமிப்பு ஆப்பைத் தூங்க வச்சிடும். ஆட்டோஸ்டார்ட் (ஆப் தானா ஓடுற அனுமதி) ஆன், பேட்டரி கட்டுப்பாடு ஆஃப். முடிஞ்சது.

வயர்மேன்: அறிவிப்பு அனுமதியையும் பாருங்க. ஆண்ட்ராய்டு 13-லிருந்து அதைத் தனியா கேக்கும், பெரியவங்க 'வேண்டாம்'னு அமுக்கிடுவாங்க.

குட்டி விஞ்ஞானி: ஆப் எல்லாம் பழசு. மாத்திரைக்குள்ளயே மணல் அளவு சென்சார், வயித்துக்குள்ள போனதும் உடம்புல ஒட்டின பட்டைக்கு சிக்னல். 2017-லயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்துடுச்சு. பேரு அபிலிஃபை மைசைட்.

பழைய புலி: அது மனநோய் மருந்து தம்பி. இவர் அம்மாவுக்கு எதுக்கு?

குட்டி விஞ்ஞானி: அப்போ ஸ்மார்ட் மாத்திரை டப்பா வாங்கட்டும். திறந்தா மகன் போனுக்குச் செய்தி வரும்.

வயர்மேன்: டப்பா திறந்ததுன்னுதான் வரும். மாத்திரை வாய்க்குள்ள போச்சான்னு வராது. சிலதை அட்டையிலிருந்து உரிச்சு வச்சா ஈரம் பட்டு வீணாவும் போயிடும்.

மருந்துக்கடை அக்கா: தம்பி, என்னென்ன மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டிருக்கீங்க?

தாமிரபரணிக்காரன்: அது எதுக்குக்கா? பிரச்சினை சத்தம்தான். தைராய்டு காலை 6, மெத்தோட்ரெக்ஸேட் 8, ஃபோலிக் ஆசிட் 8, பி.பி. ராத்திரி 9. எல்லாம் தினமும்.

மருந்துக்கடை அக்கா: மெத்தோட்ரெக்ஸேட் மூட்டு வாதத்துக்கா? அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை தம்பி! டாக்டர் சீட்டை எடுத்துப் பாருங்க.

தாமிரபரணிக்காரன்: மூட்டு வாதம்தான். இந்த ஞாயிறு வரைக்கும் அண்ணிதான் ஞாயித்துக்கிழமை எடுத்துக் கொடுப்பாங்க. ஆப்ல அதுவா 'தினமும்'னு வந்துச்சு, நான் மாத்தல. அம்மா போன் அடிச்சா சாப்பிடுவாங்க.

மருந்துக்கடை அக்கா: அப்போ ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூணு நாள் உள்ளே போயிருக்கு. இப்பவே போன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்க. வாய்ப்புண், காய்ச்சல், வயித்துப்போக்கு இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னாலும் இன்னிக்கே ஆஸ்பத்திரி, அட்டையும் சீட்டும் கையில. ரத்த அணு, ஈரல், சிறுநீரகம் பார்ப்பாங்க. முறிவு மருந்து இருக்கு, அதை அவங்க முடிவு பண்ணுவாங்க. ஃபோலிக் ஆசிட்டை நீங்களா கூட்டிக் கொடுக்காதீங்க.

வயர்மேன்: புதன்கிழமை ஆப் செத்ததே நல்லதாப் போச்சு.

குட்டி விஞ்ஞானி: அதான் சொன்னேன், ஸ்மார்ட் டப்பா இருந்திருந்தா…

மருந்துக்கடை அக்கா: டப்பாவும் தினமும்தான் அடிச்சிருக்கும்.

தாமிரபரணிக்காரன்: பக்கத்து வீட்டு அண்ணன் கூட்டிட்டுப் போயிட்டார். நாக்குல புண்ணாம், காரம் அதிகம்னு நினைச்சாங்களாம். ரத்தம் எடுத்திருக்காங்க, அட்மிட் பண்ணச் சொல்றாங்க. பஸ் ஏறிட்டேன்.

பழைய புலி: ஆட்டோஸ்டார்ட் ஆன் பண்ணிப் பார்த்தீங்களா, இல்லையா?