காது கேக்காத பிள்ளைக்கு இங்கிலீஷ் எழுத்து, யாராச்சும் வழி சொல்லுங்களேன்

வணக்கம் அக்கா அண்ணன்மாரே, நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கோம். மகளுக்கு 11 வயசு, பொறந்ததுலேர்ந்தே காது கேக்காது. பிம்முல, அதான் மலேசிய சைகை மொழியில, அவ பேசுற வேகத்துக்கு என் கை ஓடாது, அப்படி ஒரு வாயாடி (கையாடின்னு சொல்லணுமோ).

ஆனா இங்கிலீஷ் எழுதச் சொன்னா 'யெஸ்டர்டே ஷாப் கோ மைலோ பை ஃபினிஷ்'னு எழுதுறா, நோட்டு பூரா செவப்பு மை. பார்த்தா அது அப்படியே சைகையோட வரிசை, நேரம் முதல்ல வரும், முடிஞ்சதுக்கு தனியா 'சுடா' சைகை, 'கோ' 'வென்ட்'டுனு மாறுற கதையே அங்க இல்ல. 'இஸ்', 'தி' எல்லாம் அவ காதுல விழுந்ததே இல்லையே, எங்கேர்ந்து வரும்? மலாய்க்காச்சும் கேடிபிஎம்ல (மலாய் வாக்கியத்தை அப்படியே கையால காட்டுற முறை) இம்புஹானுக்குக்கூட, அதான் சொல்லோட முன்னாலயும் பின்னாலயும் ஒட்டுறதுக்குக்கூட, கையில குறி இருக்கு.

ஒரு டியூஷன் டீச்சர் சைகைய நிறுத்துங்க, எழுத்து தானா வரும்னாங்க. எனக்கு மனசு ஒப்பல. 2008 ஓகேயு (மாற்றுத்திறனாளிகள்) சட்டமே பிம்மை இவங்க மொழின்னு சொல்லுது, அதைப் போய் நிறுத்தவா?

சைகையையும் இங்கிலீஷ் வாக்கியத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சொல்லிக்குடுக்கறவங்க, காது கேக்காதவங்களா இருந்தா இன்னும் நல்லது, யாராச்சும் தெரியுமா? வாட்சாப் வீடியோல போதும், சாயங்காலம் 5 மணிக்கு மேல. படம் போட்ட பயிற்சித்தாள் இருந்தாலும் அனுப்புங்க, பிரிண்ட் எடுத்துக்கறேன்.