ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தால் ஊழலா? டாட்ரா லாரி, மறுபடியும்

கணக்குப்பிள்ளை:
நேற்று பெட்ரோல் விலை இழையில் வேலூர் ஹவில்தார் ஐயா சம்பந்தமே இல்லாமல் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்: "டாட்ராவில் ஊழலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஜெனரல் வி.கே. சிங் பிறந்த தேதி சண்டையில் தோற்ற கடுப்பில் கிளப்பிய புழுதி." அதற்கு பதினேழு பேர் விருப்பக்குறி வேறு. இதை அப்படியே விட மனசு வரவில்லை.

மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012 மார்ச் 26, தி ஹிந்து பேட்டி. பதவியில் இருக்கும் ராணுவத் தளபதி வி.கே. சிங்கே சொல்கிறார்: தரமில்லாத 600 வண்டிகளுக்கு ஒப்புதல் கொடுக்க எனக்கு 14 கோடி ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். ஏற்கெனவே 7,000 வண்டிகள் அநியாய விலைக்கு ராணுவத்தில் ஓடுகின்றன என்றும் சொல்கிறார். வகுத்துப் பார்த்தேன். வண்டிக்கு 2 லட்சத்து 33 ஆயிரம். டீக்காசு இல்லை இது.

எல்லாவற்றையும் விடுங்கள். இந்த டாட்ரா லாரிகளை ராணுவத்துக்கு வாங்க 1986இல் செக்கோஸ்லோவாகியாவோடு ஒப்பந்தம் போட்டோம். தொழில்நுட்பத்தை வாங்கி இங்கேயே செய்வோம் என்றார்கள். 2012 வரை 26 வருஷம். இந்தியாவில் வண்டி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நர்சரி பிள்ளைக்குத் தெரியும். 26 வருஷத்தில் ஸ்டியரிங்கை வலது பக்கம் மாற்ற முடியவில்லை என்றால் அந்தத் "தொழில்நுட்பம்" எங்கே போனது? இதற்கு ஒரு பதில். ஒரே ஒரு பதில் போதும்.

வேலூர் ஹவில்தார்:
வாங்க கணக்கு. நான் ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கிற ஈ.எம்.ஈ. பிரிவில் 22 வருஷம் ஸ்பேனர் பிடித்தவன். நீங்கள் டாட்ராவை எங்கே பார்த்தீர்கள், குடியரசு தின அணிவகுப்பில் டி.வி.யிலா?

டாட்ராவின் இன்ஜின் காற்றில் குளிர்வது. ரேடியேட்டரே கிடையாது. லடாக்கில் மற்ற வண்டிக்காரர்கள் ராத்திரி ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் படுப்பார்கள். மறந்தால் காலையில் பிளாக் வெடித்துக் கிடக்கும். விடிந்ததும் வெந்நீர் காய்ச்சி ஊற்ற வேண்டும். டாட்ராக்காரனுக்கு அந்தத் தலைவலியே இல்லை. அடியில் சாதா சேஸிஸ் கிடையாது, நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு குழாய். அதிலிருந்து ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். பொக்ரான் மணலில் எட்டுச் சக்கரமும் எட்டு விதமாக ஆடும், மேலே இருக்கிற சுமை ஆடாது. பினாகா ராக்கெட் ஏவியையும் பிருத்வி ஏவுகணையையும் சும்மாவா அதன் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள்?

ஸ்டியரிங்குக்கு வருகிறேன். மலைப்பாதையில் இடது ஓரம் பள்ளம். டிரைவர் இடது பக்கம் உட்கார்ந்தால் தலையை நீட்டி முன் சக்கரம் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். ஸோஜிலா கணவாயில் இது உயிர் காக்கும் விஷயம். போதுமா பதில்?

கணக்குப்பிள்ளை:
திரும்பி வரும்போது பள்ளம் வலது பக்கம் வருமே ஐயா?

வேலூர் ஹவில்தார்:
திரும்பி வரும்போது நாம் மலையை ஒட்டி வருவோம், தம்பி. பள்ளம் எதிரே வருகிறவன் பாடு. இதுகூடத் தெரியாமல் தலைப்பு வேறு போட்டுவிட்டீர்கள்.

மதுரை மைனர்:
யோவ், செம 😂 கணக்கு அவுட்.

கணக்குப்பிள்ளை:
மலை சரி. தரையில்? முன்னே போகிற டிராக்டரை முந்த வேண்டும். டிரைவர் இடது ஓரத்தில், எதிரே வருவது கண்ணுக்கே தெரியாது. என் மாமா மகன் ராஜஸ்தானில் இருந்தபோது சொன்னது: வலது பக்கம் கோ-டிரைவர் உட்கார்ந்து "வா வா வா... நில்லு!" என்று கத்திக்கொண்டே வருவானாம். ஒரு கோடி ரூபாய் வண்டிக்கு வாயால் கண்ணாடி! ஐரோப்பாவில் 40 லட்சத்துக்குக் கிடைக்கிற வண்டி என்று அன்றைக்குப் பத்திரிகைகள் எழுதின. மீதி அறுபது லட்சத்துக்கு அந்த கோ-டிரைவரா?

சட்டம் படித்தவன்:
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஊழல் என்றால் சட்டப்படி என்ன என்று முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஊழல் தடுப்புச் சட்டம் 1988, 2012இல் இருந்தபடி, லஞ்சம் கைமாறியிருக்க வேண்டும் என்பதில்லை. அரசு ஊழியருக்குத் தருகிறேன் என்று சொன்னதே குற்றத்துக்குத் தூண்டுவதாகும், அன்றைய பிரிவு 12. ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பது இதில் வரவே வராது. சி.பி.ஐ. 2012 மார்ச் 30இல் பதிந்த வழக்கு வேறு விஷயம்: 1997இல் அந்த ஒப்பந்தம் டாட்ரா சிபாக்ஸ் என்ற லண்டன் நிறுவனத்துக்குக் கைமாறியது. அது வண்டி செய்கிற நிறுவனமே இல்லை, அசல் தயாரிப்பாளர் மாதிரிக் காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. அசல் தயாரிப்பாளரிடம்தான் வாங்க வேண்டும் என்பது பாதுகாப்புக் கொள்முதல் விதி. சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் மறுத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நன்றி வக்கீல் சார். அதாவது நடுவில் ஒரு கடைக்காரன். கடைக்காரனிடம் வாங்கினால் ஸ்டியரிங் எப்படி மாறும்? அதைத்தானே நானும் கேட்கிறேன்.

வேலூர் ஹவில்தார்:
வக்கீல் சார், உங்கள் பிரிவு 12ஐ வைத்து வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாது.

கணக்கு, ஒரு கோடி, நாற்பது லட்சம் என்கிறீர்கள். செக் நாட்டில் மண் அள்ளுகிற டிப்பரும் டாட்ராதான், ஏவுகணை தூக்குகிறதும் டாட்ராதான். எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று அந்தப் பத்திரிகைக்காரர் சொன்னாரா? மாருதி விலையைச் சொல்லி ஆம்புலன்ஸ் கேட்கிற கதை.

இன்னொன்று. 14 கோடி தருகிறேன் என்று ஒருவன் ராணுவத் தளபதியின் அறைக்குள் வந்து சொல்கிறான். 2010இல். ஒரு சாதாரண லான்ஸ் நாயக் என்ன செய்திருப்பான்? காலரைப் பிடித்து குவார்ட்டர் கார்டு காவலறையில் உட்கார வைத்திருப்பான். ஜெனரல் என்ன செய்தார்? அமைச்சர் அந்தோணியிடம் வாயால் சொன்னார். அந்தோணி 2012 மார்ச் 27 மாநிலங்களவையில் என்ன சொன்னார்? கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டேன், நடவடிக்கை எடுங்கள் என்றேன், ஜெனரல்தான் இதை மேலே கொண்டுபோக விரும்பவில்லை என்றார். எழுத்தில் ஒரு வரி இல்லை. ஒன்றரை வருஷம் கழித்து, ஓய்வுக்கு இரண்டு மாசம் இருக்கும்போது பத்திரிகைப் பேட்டி. புழுதி என்று சொன்னதில் என்ன தப்பு?

பெங்களூர் பாலு:
அந்தோணி தலையில் கை வைத்ததற்குப் பதிலாக பேப்பரில் பேனா வைத்திருக்கலாமே ஹவில்தார் சார்? அவர் பாதுகாப்பு அமைச்சர். டாட்ராவை ராணுவத்துக்குச் செய்து கொடுத்த பெமல் அவர் துறையின் பொதுத்துறை நிறுவனம். எழுத்தில் கொடுத்தால்தான் பார்ப்பேன் என்று சொல்ல அவர் என்ன தாலுகா ஆபீஸ் கிளார்க்கா? ஜெனரல் 2012 ஏப்ரலில் சி.பி.ஐ.க்கு எழுத்தில் கொடுத்தார். ஜூனில் பெமல் தலைவரை இடைநீக்கம் செய்தார்கள். ஒன்றுமே இல்லாததற்கா இதெல்லாம்?

வேலூர் ஹவில்தார்:
இடைநீக்கம் தண்டனை இல்லை பாலு. எங்கள் யூனிட்டில் கேன்டீன் கணக்கில் இரண்டு பாட்டில் குறைந்தால்கூட ஒருவனை ஓரமாக உட்கார வைப்பார்கள். அப்புறம் பார்த்தால் எண்ணினவன் தப்பு.

மதுரை மைனர்:
ஐயா, அந்த இரண்டு பாட்டில் எங்கே போனது என்று இப்போதாவது சொல்லுங்கள்.

வேலூர் ஹவில்தார்:
மைனர், போன வருஷம் ஜல்லிக்கட்டு இழையில் நீ பேசிய பேச்சை நான் மறக்கவில்லை. ஒதுங்கி நில்.

எண்ணூர்க்காரன்:
எதற்கு இந்த செக் வண்டி? எங்கள் அசோக் லேலண்ட் ஸ்டாலியன் பனியிலும் மணலிலும் ஓடுகிறது. ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் அதைச் செய்கிறார்கள். ஸ்டியரிங் வலது பக்கம்! தமிழ்நாட்டுக்காரன் வண்டி செய்தால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

கணக்குப்பிள்ளை:
அப்படிப் போடு! வலது பக்கம்! கேட்டீர்களா ஹவில்தார்?

வேலூர் ஹவில்தார்:
ஸ்டாலியன் நல்ல வண்டி, நானே பிரித்து மாட்டியிருக்கிறேன். நாலு சக்கரம், ஐந்து டன். ஆளையும் அரிசி மூட்டையையும் ஏற்றும். பினாகாவை ஏற்றச் சொல்லுங்கள் பார்ப்போம். மாட்டுவண்டியிலும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்காரலாம், அதற்காக அதை வாங்கிவிட முடியுமா?

எண்ணூர்க்காரன்:
லேலண்டை மாட்டுவண்டி என்றா சொல்கிறீர்கள்? நிர்வாகி கவனிக்கவும்.

வேலூர் ஹவில்தார்:
சொல்லவில்லை. திரும்பப் படியுங்கள். தமிழ்தானே?

தோழர் குமரன்:
நீங்கள் 2012இல் நிற்கிறீர்கள். 1948க்குப் போங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் என்று எல்லோரும் சொல்வதே ராணுவ வண்டிதான். காஷ்மீர் போருக்கு ஜீப் வேண்டும் என்று லண்டனில் தூதராக இருந்த கிருஷ்ண மேனன் விதிமுறையைத் தாண்டி ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு 80 லட்சத்துக்கு ஒப்பந்தம் போட்டார். வந்து இறங்கியது 155 ஜீப். அதுவும் ஓடுகிற நிலையில் இல்லை. ஆனால் மேனன் சொந்தமாக ஒரு பைசா தொட்டார் என்று எவராலும் நிரூபிக்க முடியவில்லை. அவசரத்தில் செய்த தவறு வேறு, ஊழல் வேறு.

பெங்களூர் பாலு:
அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் விசாரணைக் குழு போட்டது எதற்கு, தோழர்? 1955 செப்டம்பரில் உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் "விஷயம் முடிந்தது" என்று இழுத்து மூடினார். எதிர்க்கட்சிக்குத் திருப்தி இல்லை என்றால் தேர்தலில் பேசிக்கொள்ளட்டும் என்றார். அடுத்த வருஷமே மேனன் மத்திய அமைச்சர். முழுப் பூசணிக்காயை சோற்றில் மறைத்துவிட்டு "ஒரு பைசா தொடவில்லை" என்கிறீர்கள்.

தோழர் குமரன்:
அமெரிக்காவை எதிர்த்துப் பேசியவர் என்பதால் மேனனைப் பிடிக்காதவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. உங்கள் ஐ.டி. கம்பெனி எந்த நாட்டுக்காரனுடையது பாலு?

பெங்களூர் பாலு:
என் கம்பெனி எதற்கு இங்கே? ஜீப் ஓடியதா இல்லையா?

கணக்குப்பிள்ளை:
அந்த ஜீப்பில் ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்தது என்று யாருக்காவது தெரியுமா?

சட்டம் படித்தவன்:
தயவுசெய்து ஸ்டியரிங்கை விடுங்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு. 1986இல் ஓம்னிபோல் என்ற அரசு வணிக நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம், அந்த நாடே 1993இல் இரண்டாகப் பிரிந்த பிறகு, 1997இல் லண்டனுக்கு எப்படிப் போனது? அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டது யார்? இடையில் எத்தனை அரசுகள் மாறின என்று எண்ணிப் பாருங்கள். எல்லாக் கட்சியும் அதில் இருக்கிறது. அதனால்தான் யாரும்

வேலூர் ஹவில்தார்:
வக்கீல் சார் பாதியில் நின்றுவிட்டார். கரண்ட் போயிருக்கும். சரி, நானே சொல்கிறேன். கையெழுத்துப் போட்டவனைத் தேடுங்கள், பிடியுங்கள், உள்ளே போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் "தரமில்லாத வண்டி" என்று ஜெனரல் சொன்னார் பாருங்கள், அந்த வார்த்தையை என்னால் ஜீரணிக்க முடியாது. அந்த வண்டிக்கு அடியில் படுத்து கிரீஸ் வடிய வடிய நான் வேலை பார்த்திருக்கிறேன். ஒருமுறை மண் சரிவில் மாட்டிய ஒரு தண்ணீர் லாரியை டாட்ராவை வைத்து இழுத்தோம். விஞ்ச் கேபிள் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நிற்கிறது, டாட்ரா கொஞ்சம்கூட முனகவில்லை. ஓட்டியவன் திருவண்ணாமலைப் பையன். இடது பக்க ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு, சக்கரத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். வலது பக்கம் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு இரண்டு வண்டியும் ஆற்றில் கிடந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை:
வண்டி நல்லது என்று நானும் ஒத்துக்கொள்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வண்டியை அநியாய விலைக்கு வாங்கினால் ஊழல் இல்லையா?

வேலூர் ஹவில்தார்:
"வைத்துக்கொள்ளுங்கள்" எல்லாம் வேண்டாம். வண்டி நல்லது என்று நேராக எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஸ்டியரிங் மாற்ற முடியவில்லை என்று நீங்கள் எழுதுங்கள், நான் எழுதுகிறேன்.

மதுரை மைனர்:
ஜெனரல் 1950இல் பிறந்தாரா 1951இல் பிறந்தாரா? அதையாவது முடித்துவிட்டுப் போங்கள்.

வேலூர் ஹவில்தார்:
அரசு ஆவணத்தில் 1950 மே 10. அவர் 1951 என்றார், அதை ஏற்றிருந்தால் ஓய்வு தள்ளிப்போயிருக்கும். உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், 2012 பிப்ரவரியில் மனுவைத் திரும்பப் பெற்றார். மார்ச்சில் பேட்டி. மே 31 ஓய்வு. 2014இல் காசியாபாத் எம்.பி., அமைச்சர். தேதிகளை வரிசையாக வைத்தால் எல்லாம் விளங்கும், மைனருக்குக்கூட.

பெங்களூர் பாலு:
அமைச்சரானால் அவர் சொன்னது பொய்யாகிவிடுமா? என்ன லாஜிக் இது?

வேலூர் ஹவில்தார்:
அமைச்சராகி எவ்வளவு வருஷம் இருந்தார்? டாட்ரா என்ற வார்த்தையை எத்தனை தடவை உச்சரித்தார்? எண்ணிச் சொல்லுங்கள், கணக்குப்பிள்ளை என்று ஒருவர் இருக்கிறாரே.

கணக்குப்பிள்ளை:
என்னை இழுக்காதீர்கள். நான் கேட்ட கேள்வி தலைப்பிலேயே இருக்கிறது. 26 வருஷம். ஒரு ஸ்டியரிங்.

எண்ணூர்க்காரன்:
மாட்டுவண்டி விஷயத்துக்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை.

வேலூர் ஹவில்தார்:
நாளை காலை வருகிறேன். மாத்திரை போடுகிற நேரம். அதற்குள் கணக்கு ஒரு தடவை எந்த மலைப்பாதையிலாவது எட்டுச் சக்கர வண்டி ஓட்டிவிட்டு வரட்டும். இடமோ வலமோ, அவர் இஷ்டம்.

கணக்குப்பிள்ளை:
கொல்லிமலையில் எழுபது வளைவும் ஸ்ப்ளெண்டரில் ஏறியிருக்கிறேன் ஐயா. ஸ்டியரிங் நடுவில் இருந்தது.