குட்டி ஃப்ரிட்ஜில் பியர் நொதிக்க வைக்க: சென்சார் எங்கே, ஓட்டை எங்கே?

ஈசூன்_ஈஸ்ட்:
சும்மா கிடக்கும் 90 லிட்டர் ஃப்ரிட்ஜ் ஒன்று இருக்கிறது. ஒற்றைக் கதவு, கம்ப்ரஸர் வகை, மேலே சின்ன ஐஸ் தட்டு (குளிர்க் குழாய் ஓடும் தகடு). 25 லிட்டர் வாளியில் 20 லிட்டர் ஏல் வகை பியர், யுஎஸ்-05 ஈஸ்ட். சிங்கப்பூரில் ஹெச்டிபி (அரசு அடுக்குமாடி) வீடு, ஏர்கான் போடாவிட்டால் அறை 29, 30 டிகிரி. ஃப்ரிட்ஜில் இருக்கும் திருகை வைத்தே சமாளிக்கலாமா? ஐஸ் தட்டு வாளி மூடியில் நிற்கும் ஏர்லாக்கை (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பான்) இடிக்கிறது, தட்டை வளைக்கலாமா? ஒயருக்குப் பக்கச்சுவரில் ஓட்டை போட்டால் போதுமா?

மால்ட்மணி:
திருகு உதவாது. அதைக் குறைந்தபட்சக் குளிரில் வைத்தாலும் உள்ளே 10 டிகிரிக்கு மேல் போகாது. உங்களுக்கு வேண்டியது 18 முதல் 20. சென்சாரைப் பார்த்து ஃப்ரிட்ஜை ஓடவிட்டு நிறுத்தும் கன்ட்ரோலர் ஒன்று வெளியே வேண்டும். இங்க்பேர்ட் ஐடிசி-308 போதும், ஒயரிங் வேலையே இல்லை. ஃப்ரிட்ஜை அதன் 'கூலிங்' சாக்கெட்டில் செருகி, ஃப்ரிட்ஜ் திருகை அதிகக் குளிருக்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் கன்ட்ரோலர் கேட்கும்போது ஃப்ரிட்ஜ் தானே அணைந்து நிற்கும்.

சென்சாரைக் காற்றில் தொங்கவிடுவதுதான் பலரும் செய்யும் தப்பு. நொதித்தல் மும்முரமாக இருக்கும் முதல் இரண்டு மூன்று நாளில் பியர் சுற்றியுள்ள காற்றைவிட 3 முதல் 5 டிகிரி சூடாக இருக்கும். காற்று 20 காட்டும், ஈஸ்ட் 24-இல் வேலை செய்யும். இன்னும் ஏறினால் தின்னர் வாடைதான். வாளியின் பக்கவாட்டில், திரவ மட்டத்தின் நடுவில் சென்சாரை ஒட்டி, மேலே நான்காக மடித்த பபிள் ராப் வைத்து டேப் சுற்றுங்கள். கன்ட்ரோலரில் 19 டிகிரி, வித்தியாசம் 0.5 என்று வையுங்கள் (அதற்கு மேல் ஏறினால் ஃப்ரிட்ஜ் ஓடும்).

கன்ட்ரோலரில் கம்ப்ரஸர் தாமதத்தை (அணைந்தபின் மறுபடி ஓடும் வரை காத்திருக்கும் நேரம்) 5 நிமிடத்துக்குக் கீழே வைக்காதீர்கள். அணைந்த உடனே திரும்ப ஓடினால் உள்ளே அழுத்தம் சமமாகியிருக்காது. மோட்டார் முக்கி, 'டிக்' என்று ஓவர்லோடு விழும். அந்தச் சத்தம் அடிக்கடி கேட்டால் கம்ப்ரஸருக்கு ஆயுசு குறைவு.

30 டிகிரி வோர்ட்டை (ஈஸ்ட் போடும் முன் உள்ள மால்ட் சாறு) இந்த ஃப்ரிட்ஜ் 19-க்கு இறக்க ஒரு ராத்திரி பிடிக்கும். இறங்கிய பிறகே ஈஸ்ட் போடுங்கள்.

கூலிங்_குரு:
பக்கச்சுவரில் துளைக்கவே துளைக்காதீங்க. பின்னாடி கறுப்புக் கம்பி வலை இல்லாத மாடல்னா, சூட்டை வெளியே தள்ளுற கண்டென்ஸர் குழாய் பக்கத் தகட்டுக்குள்ளதான் ஓடும். அரைமணி ஓடவிட்டுத் தொட்டுப் பாருங்க, சூடு கோடு கோடாத் தெரியும். கதவுல பெரும்பாலும் ஃபோம் மட்டும்தான், அங்க 12 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு சிலிக்கான் அடைங்க. சென்சார் ஒயர் மட்டும்னா ஓட்டையே வேண்டாம், கீல் பக்கம் ரப்பர் வழியா விட்டாப் போதும்.

ஐஸ் தட்டை வளைக்க முடியும், ஆனா நான் அதைக் கடைசி வழியாத்தான் சொல்வேன். பிளக்கைப் பிடுங்கி, ஐஸ் முழுக்கக் கரைஞ்சு தட்டு அறைச் சூட்டுக்கு வரணும். ஸ்க்ரூவைக் கழட்டி, பின்சுவரை ஒட்டி அகலமான வளைவா மெதுவா இறக்குங்க. தட்டுல கிளிப் போட்ட தெர்மோஸ்டாட் குழாயும் கூடவே வரணும். பின்மூலையில குழாய் மடிஞ்சுட்டா ஃப்ரிட்ஜ் காலி. பின்னாடி லேபிள்ல ஆர்600ஏ-ன்னு இருந்தா அது தீப்பிடிக்கிற வாயு, ஐஸைக் கத்தியால சுரண்டுற வேலையே வேண்டாம்.

அதுக்கு முன்னாடி ஏர்லாக்கைத் தூக்கிட்டு, மூடி ஓட்டையில முழங்கை இணைப்பு வச்சு ஒரு டியூபை சானிடைசர் பாட்டிலுக்கு விட்டுப் பாருங்க. 10 சென்டிமீட்டர் மிச்சமாகும், அனேகமா தட்டைத் தொடவே வேண்டியிருக்காது. கீழே கம்ப்ரஸர் மேடு இருக்குல்ல, வாளி அதுக்கு முன்னாடி நிக்காதுன்னா மேட்டு உயரத்துக்கு ஒரு பலகைப் பெட்டி அடிங்க. 20 கிலோவுக்கு மேல கனக்குற வாளியைக் கண்ணாடித் தட்டு மேல வைக்காதீங்க.

ஈசூன்_ஈஸ்ட்:
டியூப் யோசனை நன்று, தட்டைத் தொடப்போவதில்லை. ஃப்ரிட்ஜை வீட்டு பாம் ஷெல்டரில் (கனத்த கதவுள்ள கான்கிரீட் பாதுகாப்பு அறை) வைக்கலாமா? கடைசியில் கோல்ட் கிராஷ் (கலங்கல் அடியில் படிய பியரை நன்றாகக் குளிரவைப்பது) செய்யும் எண்ணமும் உண்டு.

மால்ட்மணி:
ஷெல்டர் கதவைச் சாத்தி வைப்பதாக இருந்தால் வேண்டாம். 1.050 தொடக்க அடர்த்தியில் 20 லிட்டர் பியர் மொத்தம் 400 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விடும், பெரும்பகுதி முதல் மூன்று நாளில். அந்தச் சின்ன அறையில் அது தேங்கும். ஃப்ரிட்ஜ் தள்ளும் சூடும் வெளியேறாது, கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். சமையலறை மூலை மேல். பின்பக்கம் 10 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

கிராஷுக்கு முன் டியூபை சானிடைசரிலிருந்து எடுத்துவிடுங்கள். குளிரும்போது வாளிக்குள் வாயு சுருங்கி, பாட்டிலில் இருப்பதை உள்ளே இழுக்கும். கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய பலூனை மாட்டினால் வெளிக்காற்றும் உள்ளே போகாது.

கூலிங்_குரு:
ஈரத்தை மறந்துடாதீங்க. உள்ளே 19 டிகிரில வச்சா சுவர்ல வேர்த்து, ரெண்டு வாரத்துல ரப்பர் மடிப்புல கறுப்புப் பூஞ்சை வரும். தர்ஸ்டி ஹிப்போ மாதிரி ஈரம் உறிஞ்சுற டப்பா ஒண்ணு உள்ள வைங்க, வாளி இல்லாதப்ப கதவைத் திறந்தே போடுங்க. அப்புறம், சிங்கப்பூர்ல ஒரு வீட்டுல மாசம் 30 லிட்டர்தான் காய்ச்சலாம், விற்கக்கூடாது. 20 லிட்டர்னா மாசம் ஒரு வாளிதான் கணக்கு.