திராட்சைத் தோட்டத்து நாடகம் வேலைநிறுத்தத்துக்கு உண்மையில் உதவியதா?

கூத்துப்பிரியன் கேட்டது:

அமெரிக்காவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்கள் நடத்திய இருமொழி நாடகங்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். எதை எடுத்தாலும் முதலில் வருவது 1965இல் கலிபோர்னியாவின் டெலானோவில் திராட்சைத் தோட்டக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தபோது லூயிஸ் வால்டெஸ் தொடங்கிய எல் தெயாத்ரோ காம்பெசினோ குழுதான். எனக்கு இரண்டு சந்தேகம். ஏற்கெனவே கொடி பிடித்து நிற்பவர்கள் முன்னால் போராட்ட நாடகம் போட்டு என்ன மாறப்போகிறது? அது வேலைநிறுத்தத்துக்கு உதவியதா, இல்லை பின்னால் வந்தவர்கள் ஊதிப் பெரிதாக்கியதா? அப்புறம், ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்து பேசினால் ஒரு மொழி மட்டும் தெரிந்தவர் பாதியில் எழுந்து போக மாட்டாரா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வயலோரம்:

பார்த்தவர்கள் எல்லாம் கொடி பிடித்தவர்கள் என்று யார் சொன்னது? வயலோரத்தில் லாரியை நிறுத்தி, அதன் திறந்த தட்டில் ஏறி நடித்தார்கள். உள்ளே குனிந்து பழம் பறித்துக்கொண்டிருந்த கருங்காலிகளையும் வெளியே இழுக்க வேண்டியிருந்தது. சங்கம் வைக்கும் உரிமையைப் பாதுகாக்கும் 1935ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயக் கூலிகளை அப்படியே விட்டுவிட்டது, அதனால் கோர்ட்டுக்குப் போயும் பெரிதாக எதுவும் கிடைக்காது, ஆட்களைப் பேசிப் பேசித்தான் வெளியே கொண்டுவர வேண்டும். நாடகம் அந்தப் பேச்சின் ஒரு பகுதி.

நடித்தவர்களும் அதே கூலிகள்தான். முதல் கூட்டத்தில் வால்டெஸ் சில அட்டைகளை எடுத்து 'வேலைநிறுத்தக்காரர்', 'கருங்காலி' என்று எழுதி அவர்கள் கழுத்தில் மாட்டிவிட்டு, நடித்துக் காட்டுங்கள் என்றார். அவ்வளவுதான் ஒத்திகை. நேற்று வரப்பில் யார் யாரை எப்படித் திட்டினார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி ஆயிற்றே. பதினைந்து நிமிடத்துக்குள் முடியும் இந்தக் குறுநாடகங்களை 'அக்தோ' என்பார்கள்.

ஒன்றைச் சொல்கிறேன். பன்றி முகமூடி போட்ட முதலாளி, ஒரு கூலியிடம் 'உனக்கென்னப்பா, கவலையில்லாத வாழ்க்கை' என்று பேசிப் பேசி, கடைசியில் ஆசை வந்து இடத்தை மாற்றிக்கொள்கிறார். முகமூடியும் சுருட்டும் கூலியிடம் போகின்றன. துப்பாக்கிக் காவலாளி வருகிறான், அவனுக்கு முகமூடி போட்டவர்தான் முதலாளி, அசல் முதலாளியைத் தரதரவென்று இழுத்துப் போகிறான், அவரோ கூலிகளின் சங்கத் தலைவர் சீசர் சாவேஸைக் கூப்பிட்டு அலறுகிறார்! சம்பளத்தைப் பிடித்துவிடுவாரோ என்று தினமும் பயந்த ஒருவர், தன் கூட்டாளிகள் முன்னால் அந்த முதலாளியாக நின்று பார்ப்பது லேசான விஷயமா? பயம் அங்கேதான் விட்டுப்போகத் தொடங்கியது என்று நான் நம்புகிறேன்.

1966இல் வேலைநிறுத்தக்காரர்கள் டெலானோவிலிருந்து மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவரை நடந்தார்கள் அல்லவா, வழியில் தங்கிய ஊர்களில் இரவுக் கூட்டங்களிலும் இந்த நாடகங்கள் நடந்தன. அதற்காக நாடகமே ஜெயிக்க வைத்தது என்று சொல்ல மாட்டேன். 1970இல் முதலாளிகளிடமிருந்து சங்கத்துக்கு ஒப்பந்தம் கிடைத்ததற்கு முக்கியக் காரணம் நாடெங்கும் மக்கள் திராட்சை வாங்காமல் இருந்தது. இன்னொன்று, இந்த வேலைநிறுத்தத்தை முதலில் தொடங்கியவர்கள் லாரி இட்லியோங் தலைமையிலான பிலிப்பினோ தொழிலாளர்கள், சாவேஸின் சங்கம் ஒரு வாரம் கழித்துச் சேர்ந்தது. இதைச் சொல்லாமல் விடுவது அநியாயம்.

தெருமுனை:

மொழிக் கேள்விக்கு வருகிறேன். அந்த வயல்களில் அப்பா ஸ்பானிஷ் பேசுவார், பள்ளிக்குப் போன பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும். மேடையில் இரண்டும் கலந்து வந்ததில் அவர்களுக்கு எந்த அதிசயமும் இல்லை. மேலும் பாதிக் கதை உடம்பிலும் பொருளிலும் இருந்தது. 1966இல் போட்ட 'கின்டா டெம்பொராடா' என்ற அக்தோவில் கோடைக்காலமே ஒரு பாத்திரம், சட்டை முழுக்கப் பண நோட்டோடு வரும். கூலி அவசர அவசரமாக நோட்டைப் பறித்துப் பின்பாக்கெட்டில் வைக்கிறார், பின்னால் நிற்கும் ஆள்பிடிக்கும் கான்ட்ராக்டர் அதை உருவுகிறார், அவரிடமிருந்து முதலாளி உருவுகிறார். இது புரிய எந்த மொழி வேண்டும்?

நியூயார்க்கில் வேறு வழி பிடித்தார்கள். நடிகை மிரியம் கொலோன் 1967இல் தொடங்கிய போர்ட்டோ ரிக்கன் டிராவலிங் தியேட்டர், ஏழைகள் வாழும் பேட்டைகளின் தெருக்களிலும் பூங்காக்களிலும் இலவசமாக நடத்தியது. பிற்பாடு மன்ஹாட்டன் 47ஆவது தெருவில் ஒரு பழைய தீயணைப்பு நிலையத்தை அரங்காக்கி, ஒரே நாடகத்தை ஒரு நாள் ஸ்பானிஷிலும் இன்னொரு நாள் ஆங்கிலத்திலும் போட்டார்கள். நடிகர்கள் பாடு யோசித்துப் பாருங்கள், மொத்த வசனமும் இரண்டு மொழியில் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

மேடைக்குப்பின்:

ஒரு குறையையும் சேர்த்துப் பேசுவோம். காம்பெசினோவின் ஆரம்ப நாடகங்கள் குழுவாகக் கூடி உருவாக்கியவை, பெயர் மட்டும் பெரும்பாலும் ஒருவருக்கே போயிற்று. பெண் பாத்திரங்களும் அம்மா, காதலி என்ற அளவிலேயே நின்றுவிட்டன. மனித உரிமைக்காக நிற்கும் குழு என்பதாலேயே இதைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

ஆனால் 1978இல் லாஸ் ஏஞ்சலஸில் அரங்கேறிய வால்டெஸின் 'சூட் சூட்' நாடகம் செய்தது பெரிய காரியம். 1942இல் அதே நகரத்தில் ஒரு கொலை வழக்கில், பெரும்பாலும் மெக்சிக வம்சாவளியைச் சேர்ந்த 22 இளைஞர்களைக் கூட்டமாகக் கூண்டில் ஏற்றினார்கள், வக்கீல் பக்கத்தில் உட்காரக்கூட விடவில்லை. 17 பேருக்குத் தண்டனை, 1944இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த அநியாயத்தை அதே ஊரின் பெரிய மேடையில், அதே மக்கள் முன்னால் போட்டுக் காட்டினார்கள். மறுவருடம் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேக்குப் போனது, அங்கே சீக்கிரமே முடிந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலஸில் ஓடிய ஓட்டத்தை வைத்துத்தான் நான் அதை மதிப்பிடுவேன்.

கூத்துப்பிரியன்:

ரொம்ப நன்றி. கருங்காலிகளும் பார்வையாளர்கள் என்பது நான் யோசிக்காத விஷயம். அந்தக் குழு இப்போதும் இருக்கிறதா? எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

வயலோரம்:

இருக்கிறது, சான் ஹுவான் பௌடிஸ்டா என்ற சின்ன ஊரில். 'சூட் சூட்' 1981இல் படமாக வந்தது, வால்டெஸே இயக்கியது. அதைப் பார்த்துவிட்டு அக்தோக்களைப் படியுங்கள், முடிந்தால் நாலு பேராகச் சேர்ந்து வாய்விட்டு வாசியுங்கள்.